சென்சார் ஜீரோ காட்டுதுன்னா கேஸ் இல்லன்னு அர்த்தமில்ல

தம்பி, உங்க கேள்வியப் படிச்சேன். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு எம்க்யூ-2 சென்சார் ஒண்ணு வாங்கி ஆர்டுயினோங்கிற சின்ன கம்ப்யூட்டர் போர்டுல மாட்டியிருக்கீங்க, சிலிண்டர் கேஸுக்குக் கத்துது, ஊதுபத்திக்கும் கத்துது, கைல சானிடைசர் தடவிட்டு கிட்டப் போனாலும் கத்துது, ஏன்னு கேக்குறீங்க. கேஸ் சென்சார் எப்படி வேலை செய்யுது, எங்கெல்லாம் யூஸ் ஆகுதுன்னும் கேட்டிருக்கீங்க. கடைசி வரில, இதையே செப்டிக் டேங்க்ல எறங்குறவங்களுக்கு அலாரமா பண்ணிக் குடுக்கலாமான்னு இருக்கு. அந்தக் கடைசி வரிக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன். ரொம்ப வருஷமா பிளாண்ட் பிளாண்டா போயி கேஸ் டிடெக்டர் காலிபரேஷன், அதாவது அளவு சரியா காட்டுதான்னு பாத்து சரி பண்றதுதான் என் வேலை, அதனால பொறுமையா படிங்க.

மொதல்ல ஒண்ண மனசுல வாங்கிக்கோங்க. எந்த சென்சாருக்கும் மூக்கு கிடையாது, அது கேஸ நேரா "பாக்குறது" இல்ல. கேஸ் பட்டா ஏதோ ஒண்ணு மாறும், சூடு ஏறும், கரண்ட் கூடும், வெளிச்சம் குறையும், அந்த மாற்றத்தத்தான் நாம அளக்குறோம். அதே மாற்றத்த வேற எது பண்ணினாலும் சென்சார் கேஸ்னுதான் சொல்லும். அந்த மாற்றம் நடக்க விடாம ஏதாவது தடுத்தா, கேஸ் நெறஞ்சு இருந்தாலும் ஜீரோன்னுதான் சொல்லும். இந்த ரெண்டாவது மாதிரி நடக்கும்போதுதான் ஆள் சாகுறாங்க.

நம்ம ஊர்ல பாழுங்கிணத்துல தூர் வார எறங்குறதுக்கு முன்னாடி கயித்துல விளக்கக் கட்டி உள்ள விட்டுப் பாப்பாங்க, அணைஞ்சா எறங்க மாட்டாங்க. அதுவும் ஒரு சென்சார்தான். காத்துல சாதாரணமா 20.9 சதவீதம் ஆக்சிஜன் இருக்கு, அது 16, 17க்கு வந்தா தீபம் அணையும். ஆனா அந்த விளக்குக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். ஹைட்ரஜன் சல்ஃபைடுங்கிற விஷவாயு ஆளக் கொல்ற அளவுக்கு இருந்தாலும் தீபம் பாட்டுக்கு எரியும், மீத்தேன் இருந்தா விளக்கே கெணத்த வெடிக்க வச்சிரும். இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கத்துல இதே பிரச்சனைதான். 1812ல ஃபெல்லிங் சுரங்க வெடிப்புல 92 பேர் செத்தாங்க, அதுக்கப்புறம் 1815ல ஹம்ஃப்ரி டேவி சுடரச் சுத்தி மெல்லிய கம்பி வலை போட்ட விளக்க செஞ்சாரு. வலை சூட்ட உறிஞ்சிக்கிறதால தீ வெளிய தாவாது, மீத்தேன் இருந்தா சுடர் மேல நீலமா ஒரு தொப்பி மாதிரி தெரியும், அத வச்சு அளவு சொல்லுவாங்க. உங்க எம்க்யூ-2 மேல ஸ்டீல் வலை ஒண்ணு மூடியிருக்கு பாருங்க, தூசிக்குன்னு நெனச்சிருப்பீங்க. உள்ள ஹீட்டர் இருக்கு, வெளிய தீப்பிடிக்கிற கேஸ் இருக்கலாம், அதனால டேவி போட்ட அதே வலைய இன்னைக்கும் போடுறாங்க.

இப்ப உங்க சென்சார். உள்ள ஒரு சின்ன பீங்கான் குழாய், அது மேல டின் ஆக்சைடு பூச்சு, நடுவுல ஹீட்டர் கம்பி. சூடான டின் ஆக்சைடு மேல காத்துல இருக்கிற ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கும், ஒட்டும்போது பூச்சுல இருக்கிற எலக்ட்ரான இழுத்து வச்சிக்கும், அதனால கரண்ட் ஓட முடியாம ரெசிஸ்டன்ஸ் ஏறி நிக்கும். எல்பிஜி மாதிரி எரியக்கூடிய ஒண்ணு வந்தா அந்த ஒட்டின ஆக்சிஜனோட சேர்ந்து அதக் கழட்டி எடுத்துட்டுப் போயிரும், எலக்ட்ரான் திரும்ப விடுதலை ஆகும், ரெசிஸ்டன்ஸ் சட்டுன்னு எறங்கும். அவ்வளவுதான் விஷயம். 1962ல ஜப்பான்ல நவோயோஷி தகுச்சி பேட்டன்ட் எடுத்த ஐடியா இது, அங்க வீட்டுக்கு வீடு கேஸ் அலாரம் வந்தது இதாலதான். கவனிச்சுப் பாத்தா, "எரியக்கூடிய எதுவும்" அந்த ஆக்சிஜனக் கழட்டலாம். சானிடைசர்ல இருக்கிற ஆல்கஹால், ஊதுபத்திப் புகைல இருக்கிற கார்பன் மோனாக்சைடு, தாளிக்கிற எண்ணெய் ஆவி, எல்லாமே. உங்க சென்சார்ல ரிப்பேர் எதுவும் இல்ல தம்பி, அதோட பொறப்பே அப்படி. அதே டின் ஆக்சைடுதான், சேக்குற கலவையும் சூடும் கொஞ்சம் மாத்தி எம்க்யூ-3ன்னா ஆல்கஹால், எம்க்யூ-7ன்னா கார்பன் மோனாக்சைடுன்னு விக்கிறாங்க, அந்தந்த கேஸுக்குக் கொஞ்சம் கூடுதலா அசையும், மத்ததுக்கு அசையாதுன்னு இல்ல. எம்க்யூ-7க்கு 60 செகண்ட் 5 வோல்ட், 90 செகண்ட் 1.4 வோல்ட்னு ஹீட்டர மாத்தி மாத்திக் குடுக்கணும், நேரா 5 வோல்ட்ல வச்சு ரீடிங் எடுத்தா அதுக்கு அர்த்தமே இல்ல, பாதி ப்ராஜெக்ட்ல அதத்தான் பண்றாங்க. இன்னும் ஒண்ணு, எம்க்யூ-135ஐ மாட்டிட்டு கார்பன் டை ஆக்சைடு இத்தன பிபிஎம்னு (பத்து லட்சத்துல இத்தன பங்குன்னு) போடுறவங்க நெறைய பேர். கார்பன் டை ஆக்சைடு ஏற்கனவே முழுசா எரிஞ்சு முடிஞ்ச சாமான், அதுக்கு ஆக்சிஜனக் கழட்ட வேலையே கிடையாது. ஸ்க்ரீன்ல வர்ற நம்பர் ரூம்ல இருக்கிற வேற எதோடதோ.

பிளாண்ட்ல தீப்பிடிக்கிற கேஸுக்கு நாங்க அதிகமா பாக்குறது பெல்லிஸ்டர். அரிசி அளவுக்கும் சின்னதா ரெண்டு மணி, ரெண்டுக்குள்ளயும் பிளாட்டினம் கம்பிச் சுருள். ஒண்ணு மேல பல்லேடியம் மாதிரி, எரியறதத் தூண்டி விடுற கேட்டலிஸ்ட் பூசியிருக்கும், இன்னொண்ணுக்கு இருக்காது. 500 டிகிரி சூட்டுல கேஸ் வந்தா பூசின மணில சத்தமில்லாம எரியும், சூடு ஏறும், கம்பியோட ரெசிஸ்டன்ஸ் மாறும், பூசாத மணியோட ஒப்பிட்டு வீட்ஸ்டோன் பிரிட்ஜ்ல வித்தியாசத்த எடுப்போம். ஸ்கூல்ல படிச்ச அதே பிரிட்ஜ். மீட்டர்ல வர்ற நம்பர் எல்இஎல் சதவீதம், எல்இஎல்னா கேஸ் தீப்பிடிக்கிற கீழ் வரம்பு. மீத்தேன் காத்துல 5 சதவீதத்துக்குக் கீழ இருந்தா பத்தாது, 15க்கு மேல போனாலும் ஆக்சிஜன் பத்தாம எரியாது. அந்த 5 சதவீதத்த 100ன்னு வச்சிக்கிட்டு அதுல எவ்வளவுன்னு காட்டுறதுதான் எல்இஎல் சதவீதம், பொதுவா 10ல மொத அலாரம் வைப்பாங்க. எல்பிஜிக்கு கீழ் வரம்பு 2 சதவீதம் கிட்டதான், அதாவது இன்னும் கம்மியா கசிஞ்சாலே ஆபத்து.

இந்த பெல்லிஸ்டர்தான் ஜீரோவ நம்பக் கூடாதுன்னு எனக்குப் புத்தி சொல்லிக் குடுத்தது. ஒரு பிளாண்ட்ல ஒரே ஹால்ல ஆறு டிடெக்டர், ஆறும் மாசக்கணக்கா ஜீரோ, லாக் புக்குல தினம் ஜீரோ ஜீரோன்னு அழகா எழுதி வச்சிருக்காங்க. சிலிண்டர்ல இருந்து டெஸ்ட் கேஸ் விட்டேன், 50 காட்டணும். ஆறுல நாலு டிடெக்டர் சரியா காட்டுச்சு, ரெண்டு அசையவே இல்ல. விசாரிச்சா அந்த மூலைல கன்வேயருக்கு சிலிக்கோன் ஸ்ப்ரே அடிச்சுக்கிட்டே இருந்திருக்காங்க. சிலிக்கோன் ஆவி அந்த சூடான மணில பட்டா எரிஞ்சு சிலிக்கா படலமா, கண்ணாடி மாதிரி மேல ஒட்டிக்கும், அப்புறம் கேஸ் கேட்டலிஸ்ட்டத் தொடவே முடியாது. கம்பி நல்லா இருக்கு, கரண்ட் ஓடுது, ஃபால்ட் லைட் எரியல, ஆனா சென்சார் செத்துப் போச்சு. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல, அந்த ஹால்ல ஷிஃப்ட்டுக்கு முப்பது பேர் வேலை பாக்குறாங்க. ஹைட்ரஜன் சல்ஃபைடும் இதே மணிய மந்தமாக்கும். அதுபோக எரிய ஆக்சிஜன் வேணும்ல, கேஸ் ரொம்ப நெறஞ்சு காத்தத் தள்ளிட்டா ரீடிங் ஏறிட்டுப் போயி திரும்பக் கீழ எறங்கும், பாக்குறவங்க கேஸ் கலைஞ்சிருச்சுன்னு நெனச்சிருவாங்க. அதனாலதான் எறங்குறதுக்கு முன்னாடி அளக்கும்போது மொதல்ல ஆக்சிஜன், அடுத்து தீப்பிடிக்கிற கேஸ், அப்புறம் விஷவாயுன்னு வரிசை வச்சிருக்கு, ஆக்சிஜன் சரியில்லன்னா அடுத்த நம்பருக்கே மதிப்பு இல்ல.

விஷவாயுக்கு எலக்ட்ரோகெமிக்கல் செல். குட்டி பேட்டரின்னு நெனச்சிக்கோங்க, உள்ள ஆசிட், அதுல மூணு எலக்ட்ரோடு, கேஸ் மெல்லிய சவ்வு வழியா உள்ள போகும். கார்பன் மோனாக்சைடு ஒரு மூலக்கூறு உள்ள போயி கார்பன் டை ஆக்சைடா மாறும்போது ரெண்டு எலக்ட்ரான் குடுக்கும், அந்தக் கரண்ட் நானோ ஆம்பியர் கணக்குல வரும், கேஸ் எவ்வளவோ கரண்ட்டும் அவ்வளவு. ஒரு பிபிஎம், ரெண்டு பிபிஎம்னு அளக்கணும்னா இதுதான் சரிப்படும். ஆனா இதுக்கு ஆயுசு பொதுவா ரெண்டு மூணு வருஷம்தான், ஃபேக்டரில செஞ்ச அன்னைக்கே வயசு ஏற ஆரம்பிச்சிரும், டப்பாவுல வச்சிருந்தாலும் ஏறும். நம்ம ஊர் சித்திரை வெயில்ல வெளிய மாட்டி வச்சா உள்ள இருக்கிறது காஞ்சு இன்னும் சீக்கிரம் போகும், செத்தா இதுவும் ஜீரோதான் காட்டும். குழப்பம் இதுலயும் உண்டு, இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஆகுற ரூம்ல கார்பன் மோனாக்சைடு அலாரம் அடிக்கும், போயி பாத்தா அது பேட்டரில வர்ற ஹைட்ரஜன். போலீஸ்காரங்க ஊதச் சொல்ற மெஷினும் இந்தக் குடும்பம்தான், மூச்சுல வர்ற ஆல்கஹால பிளாட்டினம் எலக்ட்ரோடுல எரிச்சுக் கரண்ட்டா அளக்கும், 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம் தாண்டினா கேஸ் போடலாம்.

வெளிச்சத்த வச்சு அளக்குறது எனக்குப் பிடிச்ச வகை. ஒரு குழாய், ஒரு பக்கம் இன்ஃப்ராரெட் விளக்கு, எதிர்ப்பக்கம் அதப் பாக்குற கண்ணு. கார்பன் டை ஆக்சைடு 4.26 மைக்ரான் அலைநீளத்த முழுங்கும், மீத்தேன் 3.3 கிட்ட முழுங்கும், எவ்வளவு முழுங்குச்சோ அவ்வளவு கேஸ். இதுக்கு ஆக்சிஜனும் வேண்டாம், சிலிக்கோன் விஷமும் ஏறாது. பெரிய நிம்மதி என்னன்னா விளக்கு அணைஞ்சாலோ கண்ணாடி அழுக்கானாலோ வெளிச்சம் குறையுது, அத அது ஃபால்ட்னு தானே சொல்லிரும், ஜீரோன்னு பொய் சொல்லாது. ஆனா ஹைட்ரஜன் இந்த வெளிச்சத்தத் தொடவே தொடாது, அதனால ஹைட்ரஜன் இருக்கிற எடத்துல இன்ஃப்ராரெட் மட்டும் மாட்டினா யாரும் காவலுக்கு இல்லாத மாதிரி. ஆபரேஷன் தியேட்டர்ல மயக்கத்துல இருக்கிறவங்க மூச்சுல கார்பன் டை ஆக்சைடு பாக்குறதும் இதே முறைதான். ஏசி போட்டுக் கதவ சாத்தின கிளாஸ் ரூம்ல வச்சுப் பாத்தீங்கன்னா, வெளிய 420 பிபிஎம் சுமார் இருக்கிற கார்பன் டை ஆக்சைடு உள்ள 1000 தாண்டி ஏறிட்டே போகும், பசங்க தூங்குறதுக்கு வாத்தியார மட்டும் குத்தம் சொல்ல முடியாது.

மத்த எடங்கள வேகமா சொல்லிடுறேன். நீங்க ஓட்டுற பிஎஸ்6 வண்டில சைலன்சர் பைப்புல ஒரு ஆக்சிஜன் சென்சார் இருக்கு, சிர்கோனியா பீங்கான், சூடானா ஆக்சிஜன் அயனிய மட்டும் தன் வழியா விடும், உள்ள வெளிய ஆக்சிஜன் வித்தியாசத்துக்கு ஏத்த மாதிரி 0.1ல இருந்து 0.9 வோல்ட் வரைக்கும் தரும், அத வச்சுத்தான் காத்தும் பெட்ரோலும் 14.7க்கு 1னு நிக்குது. வாழைப்பழம் பழுக்க வைக்கிற சேம்பர்ல எத்திலீன் 100 பிபிஎம்முக்குள்ள இருக்கணும், அங்க கார்பன் டை ஆக்சைடும் பாப்பாங்க, அது சேர்ந்துட்டா பழுக்கிறது தள்ளிப் போகும். கடலோரத்து ஐஸ் ஃபேக்டரிகள்ல அம்மோனியா. அம்மோனியா காத்த விட லேசு, மேல போயிரும்னு புக்குல இருக்கும், ஆனா திரவமா இருந்து கசியும்போது குளிர்ந்த மூடுபனியா தரையோட தவழும். 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர்ல கடலுக்கடில போற பைப்புல அம்மோனியா கசிஞ்சப்ப பெரியகுப்பம் ஜனங்க நடுராத்திரில கண்ணெரிஞ்சு வீட்ட விட்டு ஓடினாங்க, அவங்களுக்கு மொதல்ல தகவல் சொன்னது அவங்க மூக்குதான். வீட்டு சிலிண்டர்லயும் மூக்கத்தான் நம்பி இருக்கோம், எல்பிஜிக்கு சொந்த வாசன கிடையாது, மெர்காப்டன் கலந்துதான் அந்த நாத்தம். 1937ல அமெரிக்காவுல டெக்சாஸ் நியூ லண்டன் ஸ்கூல்ல வாசனயே இல்லாத இயற்கை எரிவாயு தரைக்கடில சேர்ந்து வெடிச்சு 300 பேர் கிட்ட, முக்காவாசி குழந்தைங்க, போன பிறகுதான் நாத்தம் கலக்கணும்னு சட்டம் வந்துச்சு.

இப்ப உங்க கடைசி வரிக்கு வர்றேன். உங்க மனசு நல்ல மனசு, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா எம்க்யூ சென்சார வச்சு செப்டிக் டேங்க்ல எறங்குறவர் இடுப்புல ஒரு பொட்டி கட்டி விடாதீங்க, தயவு செஞ்சு வேண்டாம்.

உள்ள இருக்கிறது ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு, கூடவே ஆக்சிஜன் பத்தாக்குறை. ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமா இருந்தா அழுகின முட்டை நாத்தம் வரும், 100 பிபிஎம் தாண்டினா கொஞ்ச நேரத்துல மூக்கு மரத்துப் போகும், நாத்தம் நின்னுருச்சு சரியாயிருச்சுன்னு ஆள் நெனைப்பாரு, 700, 1000க்கு போனா ரெண்டு மூணு மூச்சுல விழுந்துருவாரு. மேல நிக்கிறவர் தம்பியோ மச்சானோ, பாத்துட்டு சும்மா நிக்க முடியுமா, அவரும் குதிப்பாரு. பேப்பர்ல விஷவாயு தாக்கி மூணு பேர் பலின்னு வர்ற நியூஸ் எல்லாம் இப்படித்தான் நடக்குது, எத்தன வருஷமா படிக்கிறோம். உங்க எம்க்யூக்கு ஆக்சிஜன் குறையுறது தெரியாது, ஹைட்ரஜன் சல்ஃபைட 10 பிபிஎம்ல பிரிச்சு சொல்லத் தெரியாது, ஈரம் பட்டா ரீடிங் எங்கயோ போகும், ஆர்டுயினோ, ரிலேங்கிற கரண்ட் ஸ்விட்ச், பஸ்ஸர் எதுவும் வெடிக்கிற எடத்துக்குன்னு சர்டிஃபிகேட் வாங்கினது இல்ல, மீத்தேன் இருக்கிற குழிக்குள்ள அதுவே பொறியா ஆகலாம்.

இதுக்குன்னே நாலு கேஸையும் ஒண்ணா அளக்குற டிடெக்டர் இருக்கு, ஆக்சிஜன், எல்இஎல், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு நாலும் ஒரே கைக்கருவில. அதுல ஆக்சிஜன் நம்பர எப்படிப் படிக்கணும்னு யாரும் சரியா சொல்லிக் குடுக்கிறதில்ல. 20.9 இருக்க வேண்டியது 19.9 காட்டுது, அலாரம் 19.5லதான், ஒண்ணுதான குறைஞ்சிருக்குன்னு விடுவாங்க. காத்துல அஞ்சுல ஒரு பங்குதான் ஆக்சிஜன். உள்ள எதுவும் ஆக்சிஜனத் தின்னுடாம, அது ஒரு சதவீதம் குறையணும்னா வேற ஏதோ ஒரு கேஸ் அஞ்சு சதவீதம் கிட்ட உள்ள புகுந்து காத்தத் தள்ளியிருக்கணும். அஞ்சு சதவீதம்னா 50,000 பிபிஎம். அது என்ன கேஸ்னு தெரியாம ஒரு அடி கூட உள்ள வைக்கக் கூடாது.

சரி, நல்ல கருவி, தினம் டெஸ்ட் கேஸ் விட்டுப் பாத்தது, ட்யூப் விட்டு மேல நடுவுல அடில மூணு மட்டத்துலயும் அளந்தாச்சு, எல்லாம் சரியா இருக்குன்னு வைங்க. அப்பவும் எறங்கலாமா? ஹைட்ரஜன் சல்ஃபைடு அடில இருக்கிற கசடுக்குள்ள அடைஞ்சு கெடக்கும். அசையாத வரைக்கும் ரீடிங் ஜீரோதான், அது உண்மையான ஜீரோ. கால வச்சோ மண்வெட்டியாலயோ கிளறின செகண்டுல மொத்தமா மேல வரும், சென்சார் நம்பர் ஏத்தி அலாரம் அடிக்க அரை நிமிஷம் ஆகும், ஆளுக்கு அந்த அரை நிமிஷம் இல்ல. தோல் தொழிற்சாலைத் தொட்டிகள்லயும் இதே கதை, முடி நீக்க சோடியம் சல்ஃபைடு போட்ட தண்ணில ஆசிட் தண்ணி கலந்தா அந்த நிமிஷமே இந்த வாயு கிளம்பும். அதனால என் பதில், மனுஷன எறக்கவே கூடாது. பாதுகாப்புக் கருவி இல்லாம எறக்குறது, மனுஷன் கழிவ மனுஷன் அள்ளுறதத் தடுக்கிற 2013 சட்டப்படி குத்தம், 2023 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் சாக்கடைச் சாவுக்கு இழப்பீட்ட 10 லட்சத்துல இருந்து 30 லட்சமா ஆக்குச்சு. மெஷின் இல்லாமலும் இல்ல, கேரளாவுல பேண்டிகூட் ரோபோ மேன்ஹோலுக்குள்ள போகுது, ஐஐடி மெட்ராஸ்ல ஹோமோசெப்னு ஒண்ணு செப்டிக் டேங்க் கசடக் கலக்கி உறிஞ்சுறதுக்கே செஞ்சிருக்காங்க. உங்க மூளையும் கையும் அந்தப் பக்கம் போகட்டும், நான் எவ்வளவு வேணாலும் ஹெல்ப் பண்றேன்.

கைல இருக்கிற எம்க்யூ-2ஐ வீணாக்க வேண்டாம், அத அடுப்படி எல்பிஜி அலாரமா ஒழுங்கா பண்ணுங்க. எல்பிஜி காத்த விட ஒன்றரைல இருந்து ரெண்டு மடங்கு கனம், அதனால தரைல இருந்து ஒரு அடி உயரத்துல மாட்டணும், அடுப்புக்கு மேல மாட்டினா தாளிப்புக்குக் கத்தும் கசிவுக்குக் கத்தாது. பைப்ல வர்ற கேஸ் மீத்தேன், அது லேசு, அதுக்கு சீலிங் கிட்ட மாட்டணும். புது சென்சார மொதல்ல 48 மணி நேரம் கரண்ட்ல ஊற விடுங்க, அப்புறம்தான் காலிபரேஷன். ஹீட்டர் 150 மில்லி ஆம்பியர் கிட்ட இழுக்கும், ஆர்டுயினோ பின்ல இருந்து குடுக்காதீங்க, கரண்ட் கட் ஆனாலும் ஓடுற மாதிரி பேட்டரி வைங்க. லீக் தெரிஞ்சா தானா எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுற மாதிரி நெறைய பேர் ப்ராஜெக்ட் பண்றாங்க, அத மட்டும் பண்ணாதீங்க, ரிலேல ஒரு பொறி, ஃபேன் மோட்டார்ல ஒரு பொறி, கேஸ் நெறஞ்ச ரூம்ல அது போதும். அதுக்குப் பதிலா ரெகுலேட்டருக்கு அப்புறம் எல்பிஜிக்குன்னே வர்ற ஒரு சோலினாய்டு வால்வு, கரண்ட் போனா தானா மூடிக்கிற வகை, அத மூட வைங்க, ரிலேய அடுப்படிக்கு வெளிய வைங்க. ரிப்போர்ட்ல கடைசிப் பக்கத்துல இந்தக் கருவிக்கு என்னென்ன தெரியாதுன்னு எழுதுங்க: ஆக்சிஜன் குறைஞ்சா தெரியாது, கார்பன் டை ஆக்சைடு தெரியாது, எந்தக் கேஸ்னு பிரிச்சு சொல்லத் தெரியாது, ஸ்விட்ச் போட்ட மொத சில நிமிஷம் சொல்றத எடுத்துக்கக் கூடாது, சிலிக்கோன் சீலன்ட் பக்கத்துல வச்சா கொஞ்ச நாள்ல எதுவுமே தெரியாமப் போயிரும்.